விதை எடுக்காத பஜ்ஜி

சிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்த இடத்தில்தான் சிரிப்பு அடக்க முடியாமல் வரும். சேலத்தில் ஒரு ஏ.சி. ஹாலில் அறுபது போலீஸ்காரர்கள் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தபோது, நாங்கள் நாலு பேர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் சர்வீஸில் அவ்வளவு பெரிய ஒழுங்கீனத்தை நான் செய்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்ததும் இல்லை.

அது மன அழுத்தம் போக்குவதற்கான பயிற்சி வகுப்பு. மலைமேல் இருக்கும் எங்கள் ஸ்டேஷனிலிருந்து எஸ்.எஸ்.ஐ. ஐயா, ரைட்டர், ஜீப் டிரைவர், ஏட்டம்மாவாகிய நான் என்று நாலு பேரையும் கட்டாயம் போகச் சொல்லியிருந்தார்கள். ஏற்காட்டில் யார் எந்தப் பாறையிலிருந்து விழுந்தாலும், எந்த வளைவில் எந்த வண்டி கவிழ்ந்தாலும், பெரும்பாலும் முதலில் போய் நிற்பது இந்த நாலு பேர்தான். பிரேத விசாரணை அறிக்கை எழுதி, உடலை சேலம் அனுப்பி, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லி முடிக்கும்வரை அது எங்கள் பாடு. இந்த ஸ்டேஷனில் எனக்கு இது ஆறாவது வருஷம்.

வகுப்பெடுத்த மேடத்துக்கு முப்பது வயசுகூட இருக்காது. நல்ல பெண். இதமான குரல்.

“எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க. இப்ப நீங்க ஒரு அழகான மலை உச்சியில நிக்கிறீங்க. லேசா பனி மூடியிருக்கு. முன்னால ஒரு கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆழமான பள்ளத்தாக்கு...”

என் பக்கத்தில் டிரைவர் மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரைட்டரின் நாற்காலி கிறீச்சிட ஆரம்பித்தது.

“மனசுல எந்தக் கவலையும் இல்ல. மெதுவா ரெண்டு அடி முன்னால எடுத்து வைங்க...”

எஸ்.எஸ்.ஐ. ஐயா கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார். “வேண்டாமுங்க மேடம். அப்புறம் நாங்கதானுங்க எறங்கோணும்.”

அவ்வளவுதான். நாலு பேரும் உடைந்துவிட்டோம். டிரைவர் நாற்காலியிலிருந்து தரைக்கே போய்விட்டார். ரைட்டர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். முன்வரிசையிலிருந்து ஒரு டி.எஸ்.பி. திரும்பிப் பார்த்து முறைத்தார், அந்த முறைப்பைப் பார்த்து எனக்கு இன்னும் சிரிப்பு கூடியது. சமவெளி ஸ்டேஷன்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்றே முடிவு செய்திருப்பார்கள்.

இடைவேளையில் மேடம் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தோம், அவர் காரணம்தான் கேட்டார். டிரைவர் சொன்னார்: “நீங்க அழகான எடம்னு சொன்னீங்க பாருங்க, அங்கதானுங்க போன வாரம் நாலு மணி நேரம் கயிறு புடிச்சிட்டு நின்னோம். டூரிஸ்ட்டுக்கு வியூ பாயிண்ட்டுங்க. எங்களுக்கு ஸ்பாட்டுங்க.”

மேடம் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். நாங்கள் உடல் எடுத்த ஏதாவது ஓர் இடத்துக்கு, யூனிஃபார்ம் இல்லாமல், டியூட்டி இல்லாமல், வீட்டு ஆட்களோடு போய்ப் பத்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். இவ்வளவுதான். “சும்மாவா?” என்று ரைட்டர் இரண்டு தடவை கேட்டார். சும்மா நிற்பதை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது என்பது அவர் கவலை.

அன்று ஜீப்பில் மலையேறும்போது எல்லோரும் போவதாகத்தான் பேசிக்கொண்டோம். நான் மட்டும் வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் மகள் நாலு வருஷமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான்.

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஏற்காட்டிலேயே குடியிருந்துகொண்டு ஏற்காட்டின் வியூ பாயிண்ட்டைப் பார்க்காத ஒரே பிள்ளை அவள்தான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள், எங்கள் வீட்டிலிருந்து அது நடக்கிற தூரம். ஒரு தடவை குரங்கு கடிக்கிறது என்றேன். ஒரு தடவை கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றேன். பிறகு மறந்துபோய் மறுபடி பெயிண்ட் என்றேன். “எத்தன வருசமா ஒரே கம்பிக்கு பெயிண்ட் அடிக்கிறாங்கம்மா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, பல்பொடிக் கம்பெனி காலண்டரில் இருந்த மலையைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள். அது ஊட்டி.

காரணம் ஒரு ஸ்வெட்டர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் நண்பர்களோடு வந்து, போட்டோவுக்காகக் கம்பியைத் தாண்டி நின்றார். மாரமங்கலம் பக்கத்து ஆட்கள் கயிறு கட்டி இறங்கி அவர் உடலை மேலே கொண்டுவந்தார்கள். அவருடைய பை பாதியிலேயே ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் இருந்ததை நான் எடுத்துச் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். காப்பித்தூள் கால் கிலோ, பிரிக்காதது. மிளகு ஒரு பாக்கெட். சிவப்பு ஸ்வெட்டர் ஒன்று, புதியது, எட்டு வயதுக்கு.

ரைட்டர் பேனாவை நிறுத்தினார். “எட்டு வயசுன்னு சீட்டு ஏதும் இருக்குதுங்களா?”

சீட்டு எதுவும் இல்லை. அப்போது என் மகளுக்கு எட்டு வயசு. அந்தத் தோள் அளவு எனக்குத் தெரியும். “எழுதுங்க,” என்று மட்டும் சொன்னேன். அன்று நான் ஏழு பஜ்ஜி தின்றேன்.

பஜ்ஜியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏரிக்குப் போகும் வழியில் ஓர் அக்காவின் பஜ்ஜிக்கடை இருக்கிறது. டூரிஸ்ட்டுகளுக்கு மிளகாயைக் கீறி விதையை எடுத்துவிட்டுத்தான் மாவில் முக்குவார். ஸ்பாட் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது எங்கள் ஜீப் அங்கே நிற்காமல் போகாது. அக்கா எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், ஷூவைப் பார்ப்பார். கணுக்கால்வரை செம்மண் இருந்தால் ஒன்றும் கேட்காமல் விதை எடுக்காத மிளகாயாக எடுத்துப் போடுவார். தின்று முடிக்கும்வரை ஸ்பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எங்களுக்குள் யாரும் போடாத சட்டம் அது.

முதல் கடியிலேயே காது அடைத்துவிடும். இரண்டாவதில் மூக்கு ஒழுகும். மூன்றாவதில் நாலு பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டும்.

“ஐயா அழுகறாருங்கோ!” என்று டிரைவர் ஆரம்பிப்பார்.

“மொளகாய்யா! உன்ர மூஞ்சியப் பாரு மொதல்ல!”

அப்புறம் சிரிப்புதான். ஒருவர் மூக்கை ஒருவர் காட்டி, தண்ணீர் கேட்டு, புரையேறி, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குச் சிரிப்போம். யார் மிளகாய்க்கு அழுதார்கள், யார் எதற்கு அழுதார்கள் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ஆறு வருஷமாக நான் வேறெங்கும் அழுததும் இல்லை. என் மாமனார் செத்த வீட்டில்கூட எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தக்காரிகள் பேசிக்கொண்டார்கள். இவளுக்குப் பஜ்ஜி இல்லாமல் அழத் தெரியாது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

வீட்டில் என் நிலைமை இன்னும் மோசம். குப்பனூரில் என் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தோம். பையன் எப்படி என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “வயசு சுமார் இருபத்தெட்டு. மாநிறம். சராசரி உடம்பு. இடது புருவத்துக்கு மேல ஒரு பழைய தழும்பு. கட்டம் போட்ட சட்டை, காப்பிக் கலர் பேண்ட்டு,” என்றேன். “உசுரோடதான இருக்கறான்?” என்று அக்கா கேட்டாள். கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டது, இன்றைக்கும் அந்த மாப்பிள்ளையை வீட்டில் ‘சுமார் இருபத்தெட்டு’ என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது அசந்து தூங்கினால் என் விரல் தானாக அவர்கள் மூக்குக்குக் கீழே போய்விடும். என் வீட்டுக்காரர் சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக நாகலூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்தால் கும்பகர்ணன். நான் விரலை வைத்ததும் கண்ணைத் திறக்காமலே, “இருக்கறேன், இருக்கறேன், அடுத்த ஸ்டாப்தான்,” என்பார். நாங்கள் இதற்கும் சிரித்துத்தான் பழகியிருந்தோம்.

பயிற்சி முடிந்து மூன்று வாரம் நான் வீட்டுப்பாடத்தைத் தள்ளிப்போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் களைப்பில் நானே தூங்கிப்போனேன். மூக்குக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது போலிருந்து கண் விழித்தேன். என் மகள் குனிந்து நின்றாள். அவள் ஆள்காட்டி விரல் என் மூக்குக்குக் கீழே இருந்தது.

“என்ன கண்ணு பண்ற?”

“நீ அசையவே இல்லம்மா,” என்றாள். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அப்படி ஒரு கோபம். அவள்மேல் இல்லை, என்மேல்தான். நான் ஸ்டேஷனில் கழற்றி மாட்டிவிட்டு வருவதாக நினைத்த ஒன்றை வீட்டுக்கே எடுத்து வந்து, பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டிருக்கிறேன். இப்படியே விட்டால் இவளும் என்னைப் போலத்தான் ஆவாள் என்று பயந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வியூ பாயிண்ட் போகிறோம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். “பெயிண்ட் காஞ்சிருச்சா?” என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளும் அப்பாவும் குசுகுசு என்று பேசிக்கொண்டார்கள். நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு டியூட்டி. காலையில் கொடியில் காயப்போட்டிருந்த ரோஸ் கலர் போர்வையைக் காணோம். குரங்கு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள் மகள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்கு இருந்த படபடப்பில் நான் அதை விசாரிக்கவில்லை. ஆறு வருஷ ஏட்டம்மாவின் லட்சணம் அது.

பத்து மணிக்குப் பனி விலகிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தால், கம்பிக்குப் பக்கத்தில் வேட்டியும் குரங்குக் குல்லாயுமாக எஸ்.எஸ்.ஐ. ஐயா, கூடவே அவர் சம்சாரம். பத்தடி தள்ளி டிரைவர், பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மூன்று மாதம் முன்பு கட்டிய மனைவியோடு. நாங்கள் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல நின்றோம். ஸ்டேஷன் ஜீப் மட்டும் எங்களைக் காட்டிக்கொடுத்தபடி மரத்தடியில் நின்றது. “உங்களுக்கு வீட்டுப்பாடத்துக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?” என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

“இதுதானுங்க நமக்கு நல்லாப் பழகின எடம்,” என்றார் ஐயா.

ரைட்டருக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாராம்.

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, ஒரு டூரிஸ்ட் பையன் செல்போனை நீட்டிக்கொண்டு கம்பியின்மேல் ஒரு காலை வைத்தான். “எறங்குடா!” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். மலையே திரும்பக் கத்தியது. பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரும் எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கினார். “ஏனுங்க, லீவு நாள்லயுமா?” என்று ஐயாவின் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

ஆனால் என் கை மகளின் இடுப்பை விடவில்லை. சுடிதாரை முறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் தூரத்தில் சேலத்தைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள். நான் அந்தக் கிளையைப் பார்த்தேன். பை தொங்கிய கிளை. அதைத் தவிர அங்கே எனக்கு எதுவும் தெரியவில்லை.

“அம்மா, அங்க பாரு. ரோடு.” அவள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். கீழே கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. “இப்ப பாத்துட்டே இரு. பத்து இருவதுக்கு.”

பார்த்தேன். ஒரு வளைவில் பஸ் ஒன்று நின்றிருந்தது. ஜனங்கள் இறங்கி ரோட்டோரம் கும்பலாக நின்றார்கள். கும்பலின் நடுவில், கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையில், ஒரு போர்வை விரிந்து கிடந்தது.

எங்கள் தொழிலில் வளைவில் நின்ற பஸ்ஸுக்கும், கூடிய கும்பலுக்கும், விரித்த போர்வைக்கும் ஒரே அர்த்தம்தான். என் பக்கத்தில் டிரைவரின் சிரிப்பு நின்றது. அவர் கை பாக்கெட்டில் ஜீப் சாவியைத் தேடியது. ஐயா குல்லாயைக் கழற்றினார். போர்வை ரோஸ் கலர் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. அது எங்கள் போர்வை. அந்த நேரத்துக்கு மேலே வருவது அவருடைய பஸ்.

அப்போது போர்வை எழுந்தது.

நாலு மூலைக்கு நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். மேலும் கீழும் ஆட்டினார்கள். பஸ் ஹாரன் மூன்று தடவை அடித்தது, கொஞ்சம் தாமதமாக எங்களுக்குக் கேட்டது. போர்வைக்கு முன்னால் காக்கிச் சட்டையில் ஓர் ஆள் எம்பி எம்பிக் குதித்தார். அந்த உடம்போடு அப்படிக் குதிக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்.

“அப்பா! அப்பா!” மகள் என் பிடியில் நின்றபடியே குதித்தாள். “எஞ்சின் சூடு ஆற அந்த வளைவுல ரெண்டு நிமிசம் நிப்பாங்களாம்மா. மேல இருந்து பாத்தா தெரியணும்னு நாந்தான் போர்வை கொண்டுபோகச் சொன்னேன்!”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புதான் வந்தது, ஹாலில் வந்ததைவிடப் பெரிய சிரிப்பு. ஐயாவும் டிரைவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எந்த இடத்தில் என் சிரிப்பு அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. கிளையைப் பார்த்தேன், ஸ்வெட்டரை நினைத்தேன், அந்த ஸ்வெட்டருக்காகக் காத்திருந்த பிள்ளையை நினைத்தேன், போர்வைக்கு முன்னால் குதிக்கும் மனுஷனைப் பார்த்தேன். ஓவென்று அழுதேன்.

டிரைவர் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏட்டம்மா... இன்னும் கடைக்கே போகலையேங்க,” என்றார். அவருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

“ஏம்மா அழுகற?” மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குரங்கு, பெயிண்ட், எதுவும் வாயில் வரவில்லை. “பயந்துட்டேன் சாமி. அம்மா நொம்ப பயந்துட்டேன். நாலு வருசமாவே எனக்கு இந்த எடம்னா பயம்,” என்றேன்.

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று கேட்டுவிட்டு, தன் துப்பட்டாவால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா பஸ் ஒவ்வொரு வளைவாக ஏறி வருவதை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. “ஏனுங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா? டியூட்டியில இருந்துட்டு ரோட்டுல போர்வைய விரிச்சு...” என்று நான் ஆரம்பித்தேன். “மொதல்ல கீழ விரிச்சுப் பாத்தம், மேல தெரியாதுன்னு தூக்கிட்டம். நல்லாத் தெரிஞ்சுதா புள்ள?” என்றார் அவர், மூச்சு வாங்க. நல்லாத் தெரிஞ்சுது என்றேன்.

எல்லோருமாகப் பஜ்ஜிக்கடைக்குப் போனோம். அக்கா வழக்கம்போல எங்கள் கால்களைப் பார்த்தார். செருப்பில் மண் இல்லை. பிறகு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் கையில் மிளகாயோடு நின்றார்.

“ஏனுங்கம்மிணி, எப்படிப் போடட்டுமுங்க?”

“வெதைய எடுத்துருங்கக்கா,” என்றேன். “எல்லாத்துக்கும்.”